விடுமுறையில் தண்ணீர் பாய்ச்சுவது யார்?



கல்லூரிகள் திறந்துவிட்டன. முதலாண்டுப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆடி பிறக்க இன்னும் சில நாட்கள்தான். இந்த மாதம் நம் இதழுக்கு வந்த கடிதங்களில் கல்லூரி ஆசிரியர்கள் எழுதியவை பல. ஊர் வேறு, கல்லூரி வேறு என்றாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: “எங்கள் வளாகத்தில் நிலம் சும்மா கிடக்கிறது. மாணவர்களை வைத்து ஓர் இயற்கை வேளாண் பண்ணை போட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?”

படிக்கப் படிக்க மனம் நிறைந்தது. தயங்காமல் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த விதை, எந்த உரம், சொட்டுநீரா வாய்க்காலா என்று பேசத் தொடங்குவதற்கு முன்னால், முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு அந்தப் பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சப்போவது யார்? நான் போய்ப் பார்த்த வளாகத் தோட்டங்களில் அழிந்துபோனவை பூச்சியால் அழியவில்லை, நோயாலும் அழியவில்லை. மே மாத வெயிலில் கவனிக்க ஆளில்லாமல் காய்ந்துபோயின. ஜூனில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அங்கே கோரைப்புல்தான் இருந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளின் முகம் எப்படி வாடியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய உழைப்பு அது.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கண்டுபிடித்த ஒரு வளாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் 1965இல் தொடங்கப்பட்டது. மான்டரே வளைகுடாவைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் இருக்கும் வளாகம். இரண்டு ஆண்டு கழித்து, 1967இல், அங்கே ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர் வந்தார். தோட்டக்கலைஞர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவரும்கூட. பால் லீ என்ற தத்துவப் பேராசிரியர் வளாகத்தில் ஒரு மாணவர் தோட்டம் வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சாட்விக்குக்குக் கிடைத்தது 4 ஏக்கர் சரிவு நிலம். கல்லும் புதரும் நிறைந்த, வேறு எதற்கும் ஆகாது என்று விடப்பட்ட இடம். அதைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார். இயந்திரம் எதையும் உள்ளே விடவில்லை. மண்வெட்டியும் கவைமுள்ளும் போதும் என்றார்.

அவர் பாத்தி போட்ட விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் ஊரில் கட்டட இடிபாடு புதைந்து இறுகிக் கிடக்கும் வளாக மண்ணுக்கு இது நேரடியாக உதவும். பாத்தியின் ஒரு முனையில், மண்வெட்டி போகும் ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் அடி, குறுக்கே ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். எடுத்த மண்ணை ஓரமாகக் குவித்துவிட வேண்டும். பள்ளத்தின் அடியில் இருக்கும் மண்ணைப் புரட்டாமல், இன்னோர் அடி ஆழத்துக்குக் கவைமுள்ளால் குத்தி நெகிழ்த்திவிட வேண்டும். அதன்மேல் மட்கு போட்டு, அடுத்த வரிசையின் மேல்மண்ணைப் பெயர்த்து இந்தப் பள்ளத்தில் தள்ள வேண்டும். இப்படியே வரிசை வரிசையாகப் பாத்தியின் மறுமுனை வரை போய், ஓரத்தில் குவித்த முதல் மண்ணைக் கடைசிப் பள்ளத்தில் போட்டு மூட வேண்டும். மேல்மண் மேலேயே இருக்கும்; வேருக்கு இரண்டடி ஆழம் வழி திறக்கும். பாத்தியின் அகலம் இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அளவுதான். பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒருமுறை இப்படிச் செய்த மண்ணில் கையை விட்டுப் பாருங்கள், மணிக்கட்டு தாண்டி உள்ளே போகும்.

வேலை கடினம். சாட்விக்கோ கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். அப்படியிருந்தும் மாணவர்கள் விடிகாலையில் அவரைத் தேடி வந்தார்கள். அறுத்த பூக்களை அவர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும் என்று இலவசமாக வைத்தார். வளாகம் முழுக்க அந்தத் தோட்டத்துப் பூக்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு தோட்டத்தின் மீது எல்லோருக்கும் உரிமை உணர்வு வருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1970களின் தொடக்கத்தில் சாட்விக் அங்கிருந்து போய்விட்டார், 1980இல் காலமானார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வளாகத் தோட்டங்களின் கதை முடியும். ஆர்வமுள்ள ஒருவர் தொடங்குகிறார், அவருக்கு மாறுதல் வருகிறது, தோட்டம் போய்விடுகிறது. சாந்தா குரூஸில் அப்படி ஆகவில்லை. அதற்குள் 1971இல் வளாகத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய பண்ணை ஒன்றும் தொடங்கியிருந்தது. இன்று அது சுமார் 30 ஏக்கர். தோட்டத்தையும் பண்ணையையும் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றைப் பல்கலைக்கழகம் முறைப்படி ஏற்படுத்தியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பண்ணையிலேயே கூடாரம் போட்டுத் தங்கி, விதைப்பதிலிருந்து விற்பது வரை செய்து படிக்கும் ஆறு மாதப் பயிற்சி. ஆண்டுக்கு ஏறக்குறைய 40 பேர் வந்து போனார்கள். முக்கியமாக, தோட்டத்துக்கென்று நிலையான ஆட்கள் இருந்தார்கள். ஓரின் மார்ட்டின் என்பவர் 1970களில் அந்த மேல்தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கவனித்துக்கொண்டார். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மரம் எந்த ஆண்டு காய்க்காமல் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாணவர் மூன்று ஆண்டில் போய்விடுவார், முதல்வர் ஓய்வு பெறுவார். மண்ணைத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும், பதவிப் பெயர் வேண்டும், கூட்டத்தில் ஒரு நாற்காலி வேண்டும்.

அந்தப் பயிற்சி ஏன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்தது என்று கவனித்தீர்களா? அமெரிக்கக் கல்லூரிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ திறந்து மே மாதமோ ஜூனிலோ மூடும். அவர்கள் ஊரில் செடி வளர்வதும் காய்ப்பதும் கோடையில். அதாவது வயலில் வேலை உச்சத்தில் இருக்கும்போது வளாகம் காலி. அதனால்தான் வளாகப் பண்ணை நடத்தும் அமெரிக்கக் கல்லூரிகள் கோடைக்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. யேல் பல்கலைக்கழகம் 2003இல் நியூ ஹேவனில் ஒரு ஏக்கரில் பண்ணை தொடங்கியது. மகளை அங்கே படிக்க அனுப்பியிருந்த சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் அதற்குத் தூண்டுதலாக இருந்தார். அங்கும் கோடைவிடுமுறையில் சில மாணவர்களை உதவித்தொகை கொடுத்துத் தங்கவைத்துத்தான் பண்ணையை ஓட்டுகிறார்கள்.

நம் நிலைமை இதற்கு நேர்மாறு. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, அந்த ஆடிப்பட்டத்தில் நம் கல்லூரிகள் நிரம்பி வழிகின்றன. ஆவணி புரட்டாசியில் களையெடுக்க ஆள் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மழையும் பருவத் தேர்வும் ஒன்றாக வரும்; அப்போது மட்டும் வடிகாலை ஒழுங்காக வெட்டி வைத்திருந்தால் பிள்ளைகளைப் படிக்க விட்டுவிடலாம். தையில் அறுவடை; பொங்கல் வைக்கச் சொந்த மண்ணின் அரிசியோ மஞ்சளோ கிடைக்கும். மாசி பங்குனியில் கீரையும் வெள்ளரியும். சித்திரை வைகாசியில் வளாகம் காலியாகும்போது நம் வானமும் நிலத்துக்கு ஓய்வு கொடு என்றுதான் சொல்கிறது. நம் வேளாண் நாட்காட்டியும் கல்வி நாட்காட்டியும் இவ்வளவு பொருந்தி வருகின்றன. நமக்கு வாய்த்திருக்கும் இந்த வசதியை நம் கல்லூரிகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் மே மாதம் ஒன்றும் வேண்டாமா என்றால், வேண்டும். வாழையும் பப்பாளியும் முருங்கையும் விடுமுறை அறியாதவை. பாத்திகளுக்குச் சருகும் வைக்கோலும் கொண்டு கனமாக மூடாக்குப் போட வேண்டும். நாற்றங்காலுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதற்கு ஓர் ஆள், முழுநேர ஆள், பக்கத்து ஊர் விவசாயி ஒருவரோ ஒரு தம்பதியோ வேண்டும். பல கல்லூரிகளில் தோட்ட வேலைக்கு ஏற்கெனவே ஓர் அண்ணன் இருப்பார், ஒப்பந்தக் கூலியில். புல்தரை வெட்டுவார், முகப்பில் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விடுவார். அவரிடம் போய் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பாதிப்பேர் முன்பு சொந்தமாக விவசாயம் செய்தவர்கள். “ஐயா, இந்த நிலத்தில் என்ன போடலாம்?” என்று ஒரு பேராசிரியர் மாணவர்கள் முன்னால் அவரிடம் கேட்டால், அன்றைக்கே பண்ணைக்குப் பாதி அடித்தளம் விழுந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். நூறு மாணவர் இருந்தால் எவ்வளவு மனித உழைப்பு என்று பெருக்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சனிக்கிழமை கூட்டமாக வந்து போகும் உழைப்பு நிலம் திருத்த உதவும், வேலி கட்ட உதவும், பாத்தி போட உதவும். தினசரி கவனிப்புக்கு அது ஈடாகாது. செவ்வாய்க்கிழமை காலையில் வெண்டை இலையின் அடியில் அசுவினி ஏறியிருப்பதை யார் பார்ப்பது? வியாழக்கிழமை பார்த்தால் பொறிவண்டுகள் அதைத் தின்றுகொண்டிருக்கலாம், மருந்து எதுவும் தேவைப்படாமலே போகலாம். அதையும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமே.

இனி சமையலறை. வளாகப் பண்ணைக்கு மற்ற விவசாயிகள் யாருக்கும் இல்லாத ஒரு பாக்கியம் உண்டு: கூப்பிடு தூரத்தில் நிச்சயமான வாடிக்கையாளர். நம் விடுதிகள் பலவற்றில் மாதச் செலவை மாணவர் தலைக்கு வகுத்துக் கட்டும் டிவைடிங் முறைதான் இருக்கிறது. பண்ணைக் காய் மெஸ்ஸுக்குப் போனால் அதன் பலன் பிள்ளைகளின் பில்லிலேயே தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்குவது ஒப்பந்தப் புள்ளி மூலம். பண்ணையில் பறித்த 12 கிலோ கத்தரிக்காயை எந்தக் கணக்கில் வரவு வைப்பது, யார் பில் போடுவது, தணிக்கைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நல்ல காய் வராந்தாவில் கிடந்து வதங்கியதை நான் பார்த்திருக்கிறேன். விதை வாங்குவதற்கு முன்பே விடுதிக் காப்பாளர், மெஸ் பிரதிநிதிகள், சமையல் மாஸ்டர் மூவரையும் உட்காரவைத்து இதற்கு ஒரு வழி எழுதிக்கொள்ளுங்கள். சந்தை விலையைத் தினமும் பார்த்து அதே விலைக்குப் பண்ணையிடமிருந்து வாங்குவது, பணத்தைப் பண்ணைக்கென்றே ஒரு தனிக் கணக்கில் போடுவது, இதுதான் எளிய வழி. வணிகவியல் மாணவர்களிடம் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். உண்மையான வரவுசெலவு, உண்மையான நட்டம், உண்மையான தேய்மானம். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.

எவ்வளவு விளைவிக்க முடியும் என்பதில் ஆசை அளவுமீற வேண்டாம். ஒருவர் நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக 400 கிராம் சாப்பிட வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி சொல்கிறது. 500 பேர் உள்ள விடுதிக்கு அது ஒரு நாளைக்கு 200 கிலோ. ஒரு ஏக்கர் கத்தரி நன்றாக வந்தால் ஐந்து மாதத்தில் 10 டன் தரும்தான்; ஆனால் எந்த விடுதியும் தினமும் கத்தரிக்காய் சாப்பிடாது. எல்லாக் காயையும் நாமே விளைவிப்பது என்ற திட்டம் முதல் ஆண்டிலேயே ஆட்களைச் சோர்வடையச் செய்துவிடும். தினமும் வேண்டியதில், குறைந்த சிரமத்தில் வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை ஒருமுறை விதைத்தால் மாதக்கணக்கில் அறுக்கலாம். முருங்கையில் பிகேஎம் 1 ரகம் ஆறேழு மாதத்திலேயே காய்க்கும். அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வளாகத்தில் உருவானது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஒரு கல்லூரி நிலம் உலகத்துக்கே எதைக் கொடுக்க முடியும் என்பது புரியும். கறிவேப்பிலையை விட்டுவிடாதீர்கள். நாம் ஒவ்வொரு தாளிப்பிலும் போடுவது அது. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைப் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்கும் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் வைத்ததும் உண்டு. ஐம்பது கறிவேப்பிலைச் செடியை மருந்தடிக்காமல் வளர்த்துவிட்டால் விடுதிச் சமையலறைக்கு அது பெரிய உபகாரம்.

சமையலறையிலிருந்து திரும்பி வர வேண்டியது காய்கறித் தோலும் வாழையிலையும். வளாகங்களில் காலையில் போனால் ஒரு காட்சி: மரத்தடியில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்திருப்பார்கள், புகை வகுப்பறை வரை வரும். அதே வளாகத்துக்கு மாலையில் உர மூட்டை வந்து இறங்கும். மனம் பொறுக்கவில்லை எனக்கு. அந்தச் சருகுதான் மட்குக் குவியலின் உயிர். மெஸ் கழிவில் சமைக்காததைத் தனியாகப் பிரிக்க வேண்டும். உப்பும் எண்ணெயும் கலந்த சாம்பார் சோற்றைக் குவியலில் கொட்டினால் நாற்றம் எடுக்கும், எலி வரும். ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு மூன்று கூடை சருகு, நடுவில் சாணக் கரைசல், பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வடியும் அளவு ஈரம். நெஞ்சளவு உயரத்துக்குக் குவித்து மூன்று நாள் விட்டு, ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காது. 55, 60 டிகிரி சூட்டுக்குப் போயிருக்கும். களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் அழியும். நான் போன ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு பெண், அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்து, “சார், இதுக்குள்ள யாரோ உயிரோட இருக்காங்க” என்றாள். கோடானுகோடிப் பேர் இருக்கிறார்கள் என்று அங்கிருந்த நுண்ணுயிரியல் ஆசிரியர் சொன்னார். மறுநாளிலிருந்து குவியலைப் புரட்டும் பொறுப்பை அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

ஒரு பெற்றோரின் குரலையும் இங்கே வைத்தாக வேண்டும். “படிக்கத்தானே அனுப்பினோம், மண்ணு வெட்டவா அனுப்பினோம்?” என்று கேட்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனிந்த குடும்பத்திலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் கையில், சேவை என்ற பெயரில் சம்பளமில்லாமல் மண்வெட்டியைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அது அந்தக் குடும்பம் எதிலிருந்து தப்பித்து வந்ததோ அதையே திரும்பக் கொடுப்பது. வளாகப் பண்ணையில் மாணவர் வேலை செய்தால் அதற்குக் கூலி உண்டு என்பது விதியாக இருக்க வேண்டும். வேலையைப் பிரிக்கும்போது சாதியோ ஊரோ படிப்போ பார்க்கக் கூடாது. சாணம் கரைப்பதும் எல்லோருக்கும் முறை வைத்துத்தான். சாணம் கரைத்தவர் கணக்குப் புத்தகமும் எழுத வேண்டும்.

இந்த விஷயத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலுள்ள பால் குவின் கல்லூரியை நினைக்காமல் இருக்க முடியாது. கறுப்பின மக்களுக்காக 1872இல் தொடங்கப்பட்ட கல்லூரி. 2007இல் மைக்கேல் சோரெல் தலைவராக வந்தபோது கல்லூரி மூடும் நிலையில் இருந்தது. செலவைத் தாங்க முடியாமல் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கலைத்தார். டெக்சாஸில் கால்பந்தைக் கலைப்பது சாமானியக் காரியமில்லை. அங்கே அது திருவிழா மாதிரி. காலியாகக் கிடந்த மைதானத்தை 2010இல், பெப்சிகோ நிறுவனத்தின் துணையோடு, இயற்கைப் பண்ணையாக மாற்றினார். சுற்றியிருந்த பகுதியில் நல்ல காய்கறி வாங்க ஒரு கடை கிடையாது. விளைச்சலில் குறைந்தது 10 சதவீதத்தை அக்கம்பக்கத்து மக்களுக்கே கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மீதியில் ஒரு பகுதி டாலஸ் கௌபாய்ஸ் என்ற கால்பந்து அணியின் பெரிய விளையாட்டரங்கச் சமையலறைக்கே விற்பனையானது. பின்னர் அந்தக் கல்லூரி, மாணவர் அனைவரும் வேலை செய்துகொண்டே படிக்கும் கல்லூரியாக மாறியது. வேலையின் பலன் கட்டணக் குறைப்பாகவும் கையில் பணமாகவும் மாணவருக்குத் திரும்புகிறது. அடிமைகளாகப் பருத்திக்காட்டில் உழைக்கவைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் படிக்கும் கல்லூரி அது. அங்கே மாணவரை மண்ணில் இறக்குவது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். உழைப்புக்கு விலை வைத்ததாலும், விளைந்ததை முதலில் தங்கள் தெருவுக்கே கொடுத்ததாலும்தான் அது நின்றது என்று நான் நம்புகிறேன்.

வளாக நிலம் ஆராய்ச்சி நிலமும்கூட. சாந்தா குரூஸுக்குத் திரும்பப் போவோம். 1980களில் ஸ்டீபன் கிளீஸ்மன் அங்கே வேளாண் சூழலியலைப் படிப்பாகவும் ஆய்வாகவும் வளர்த்தார். அந்தக் கடலோரப் பகுதியில் ஸ்ட்ராபெரிதான் பணப்பயிர். மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகையை மண்ணில் ஏற்றாமல் ஸ்ட்ராபெரி வராது என்பது எல்லோரும் நம்பிய விஷயம். ஜிம் காக்ரன் என்ற விவசாயி அதில்லாமல் விளைவிக்க முயன்றுகொண்டிருந்தார். 1987இல் காக்ரனுடைய வயலிலேயே, வழக்கமான முறையையும் இயற்கை முறையையும் பக்கம் பக்கமாக வைத்துக் கிளீஸ்மனும் அவரும் பார்க்கத் தொடங்கினார்கள். இயற்கை முறையில் மகசூல் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அந்த இடைவெளி சுருங்கியது. விலை கூடக் கிடைத்ததால் விவசாயி தாக்குப்பிடித்தார். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மீத்தைல் புரோமைடைக் கைவிட உலக நாடுகள் பின்னர் ஒப்புக்கொண்டபோது, மாற்று வழி தேடியவர்களுக்கு அந்த அனுபவம் கைகொடுத்தது.

ஆய்வை விவசாயியின் வயலில் வைத்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊர் இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஐயாவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரி விவசாயியின் நிலைமைக்குப் பொருந்தாத ஆய்வுகள் நடக்கின்றன என்ற மனக்குறையோடுதான் அந்த வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். ஆகவே உங்கள் வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் தருகிறது என்பதற்காக, சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் கட்டுப்படியாகாத பயிரை வைக்காதீர்கள். வெளியே கம்பும் துவரையும் என்றால் உள்ளேயும் ஒரு பாதியில் கம்பும் துவரையும் இருக்கட்டும். வேலிக்கு வெளியே நிற்கும் விவசாயி உள்ளே வந்து பார்த்துக் குறை சொல்லும் அளவுக்கு அது அவருக்குத் தெரிந்த பயிராக இருக்க வேண்டும்.

இந்த ஆடியில் தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள். சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்தபின் உடனே காய்கறிக்குப் போக வேண்டாம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தக்கைப்பூண்டு, சணப்பு என்று கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதையுங்கள். பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 முதல் 50 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். உழுவதற்கு முன்பு ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை மண்ணைப் பரிசோதியுங்கள். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள், அதை உயர்த்துவதுதான் வேதியியல் துறைக்கு வேலை. மயில் வரும், நாற்றைக் கொத்தும். நாற்றங்காலுக்கு வலை போட்டுவிடுங்கள், அதை விரட்டப் பட்டாசு வெடிக்க வேண்டாம். சொந்த விடுதிக்கு விளைவிக்கும் வரை இயற்கை வேளாண் சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளியே விற்க நினைத்தால், ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு மாறுகாலம் உண்டு என்பதால் என்ன போட்டோம், என்ன தெளித்தோம் என்ற குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். குறிப்பேடு ஒருவர் கைப்பையில் இருக்கக் கூடாது. பண்ணைக் கொட்டகையில், எல்லோரும் பார்க்கும்படி தொங்க வேண்டும்.

ஏற்கெனவே வளாகப் பண்ணை நடத்தும் கல்லூரிகளிடமிருந்து நான் கேட்பது மூன்று விவரம்: உங்கள் பண்ணையின் முழுநேரப் பொறுப்பாளர் யார், அவருக்கும் மாணவருக்கும் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள், போன மே மாதத்தில் பண்ணை எப்படி இருந்தது. ஒளிப்படம் அனுப்புவதாக இருந்தால் மே மாதத்துப் படத்தையே அனுப்புங்கள், காய்ந்திருந்தாலும் பரவாயில்லை. புரட்டாசி இதழில் இவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். புதிதாகத் தொடங்கும் கல்லூரிகளைப் பக்கத்து மாவட்டத்தில் அனுபவமுள்ள ஒரு பண்ணையோடு சேர்த்துவைக்கும் வேலையையும் நம் அலுவலகம் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும். கடிதத்தின் மேல் ‘வளாகப் பண்ணை’ என்று எழுதுங்கள், தனியாக எடுத்துவைக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்